சுற்றுலா விசாவிலேயே வெளிநாட்டில் ஆண்டுக்கணக்கில் தங்குவது: சட்டச் சிக்கல், பணச் சிக்கல், தப்பிக்கும் வழி – முழுமையான வழிகாட்டி

சுற்றுலாப் பயணியாக ஒரு நாட்டுக்குள் நுழைகிறார்கள். கெடு முடியும் நேரத்தில் எல்லையைத் தாண்டிவிட்டு மறுபடி உள்ளே வருகிறார்கள். மாத வாடகைக்கு ஒரு வீடு, மடிக்கணினியில் வேலை, வாடகை ஸ்கூட்டர். இப்படியே ஆண்டுக்கணக்கில் வாழ்பவர்கள் இன்று ஏராளம். பெரும்பாலான நாட்களில் எந்தச் சிக்கலும் வருவதில்லை என்பதால்தான் இது பாதுகாப்பானது போலத் தெரிகிறது.

சிக்கல் வரும்போது ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வராது. குடிவரவுச் சட்டம், வரிச் சட்டம், காப்பீட்டு ஒப்பந்தம், வங்கி விதி என்று நான்கும் உங்கள் நாட்களைத் தனித்தனியாக எண்ணிக்கொண்டிருக்கின்றன. விசா கணக்கில் ஒரு நாள்கூடத் தவறாதவர் வரிக் கணக்கில் மாட்டுவார். வரியைச் சரியாகக் கட்டியவரின் மருத்துவச் செலவைக் காப்பீடு தர மறுக்கும். ஒன்றில் சரியாக இருப்பது இன்னொன்றில் உங்களைக் காப்பாற்றாது. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள படிகளை வரிசையாகப் பாருங்கள்.

படி 1: நீங்கள் வெளியேற வேண்டிய தேதி எது?

விசாவில் அச்சாகியிருக்கும் தேதியையே கெடு என்று நினைப்பதுதான் மிகப் பரவலான தவறு. விசா செல்லுபடியாகும் காலம் வேறு, ஒவ்வொரு நுழைவிலும் தங்க அனுமதிக்கும் காலம் வேறு. அமெரிக்கச் சுற்றுலா விசா பத்து ஆண்டு வரை செல்லும். ஆனால் எத்தனை நாள் தங்கலாம் என்பதை ஐ-94 என்ற பதிவில் உள்ள தேதிதான் தீர்மானிக்கும். அந்தத் தேதியை ஒரு நாள் தாண்டினாலும் கையிலிருக்கும் பத்தாண்டு விசா சட்டப்படி செல்லாததாகிவிடும்.

ஆகவே விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே கடவுச்சீட்டில் விழுந்த முத்திரையைப் பாருங்கள். எழுதியிருக்கும் நாட்களும் நீங்கள் எதிர்பார்த்ததும் ஒன்றா? முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா? தவறு இருந்தால் அங்கேயே, அந்த அதிகாரியிடமே சொல்லித் திருத்துவது சுலபம். மூன்று மாதம் கழித்து வெளியேறும் கவுன்ட்டரில் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். முத்திரை இல்லாமல் மின்னணுப் பதிவு மட்டும் செய்யும் நாடுகளில், அந்தப் பதிவை இணையத்தில் எடுத்துச் சேமித்துவையுங்கள். போர்டிங் பாஸ்களையும் தூக்கி எறியாதீர்கள். எப்போது எங்கே இருந்தீர்கள் என்று பின்னாளில் நிரூபிக்க அவை உதவும்.

முப்பது நாள் என்பது ஒரு மாதம் அல்ல. 31 நாள் உள்ள மாதத்தில் 5ஆம் தேதி நுழைந்தவர் அடுத்த மாதம் 5ஆம் தேதி கிளம்பினால் 32 நாள் ஆகிவிடும், ஏனென்றால் பல நாடுகள் நுழையும் நாள், வெளியேறும் நாள் இரண்டையும் சேர்த்தே எண்ணுகின்றன.

படி 2: ஷெங்கன் 90/180 கணக்கைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள்

ஷெங்கன் என்பது தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் வளையம். அதில் இப்போது 29 நாடுகள். எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அந்த 180 நாள் ஜனவரியில் தொடங்கி ஜூனில் முடிகிற அரையாண்டு அல்ல. இன்று ஒரு நாள், இதற்கு முந்தைய 179 நாள்: இந்தச் சட்டகம் தினமும் ஒரு நாள் நகரும்.

ஒரு உதாரணம். லீப் ஆண்டு அல்லாத ஓர் ஆண்டில் ஜனவரி 10 அன்று நுழைந்து மார்ச் 9 அன்று வெளியேறுகிறீர்கள். ஜனவரியில் 22, பிப்ரவரியில் 28, மார்ச்சில் 9; மொத்தம் 59 நாள். பிறகு 83 நாள் வெளியே இருந்துவிட்டு ஜூன் 1 திரும்ப வருகிறீர்கள். இவ்வளவு நாள் வெளியே இருந்தாயிற்று, புதிதாக 90 கிடைக்கும் என்று தோன்றும். கிடைக்காது. ஜூன் 1இலிருந்து 179 நாள் பின்னே போனால் டிசம்பர் 4 வரும். அந்த 59 நாளும் சட்டகத்துக்குள்ளேயே இருக்கின்றன. மிச்சம் 31 நாள்தான். ஜூலை 1 அன்று வெளியேறிவிட வேண்டும். ஜூலை 2 அன்று உள்ளே இருந்தால் அது 91ஆவது நாள். ஜனவரி 10 சட்டகத்திலிருந்து வெளியே விழுவது ஜூலை 9இல்தான். அன்றுதான் ஒரு நாள் திரும்பக் கையில் வரும். தொடர்ந்து 90 நாள் முழுக்க வெளியே இருந்திருந்தால் மட்டும் புதிதாக 90 கிடைத்திருக்கும்.

ஒரு ஷெங்கன் நாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போவதால் கணக்கு நிற்காது. அயர்லாந்தும் சைப்ரஸும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் ஷெங்கனில் இல்லை. அங்கே கழிக்கும் நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. கடவுச்சீட்டில் விசா ஒட்டி வாங்கியவர்கள் அந்த விசாவில் அச்சிட்ட தங்கும் நாட்களையும் பார்க்க வேண்டும். 30 என்று இருந்தால் உங்கள் எல்லை 30தான்.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் விரல்ரேகையும் முகப்படமும் எடுத்துப் பதியும் மின்னணு முறை படிப்படியாக வந்தது. முத்திரைகளைப் புரட்டி அதிகாரி விரல்விட்டு எண்ணிய காலத்தில் தப்பித்தவர்கள் உண்டு. இப்போது கணினி எண்ணுகிறது. வெளியேறிய பதிவு இல்லாதவரின் தகவல் ஐந்து ஆண்டு அங்கேயே இருக்கும்.

படி 3: ‘விசா ரன்’ எத்தனை முறை தாங்கும்?

எல்லை தாண்டித் திரும்புவதைப் பெரும்பாலான நாடுகள் எழுத்தில் தடை செய்வதில்லை. அதனால் அது உரிமை என்று ஆகாது. சுற்றுலா அனுமதி என்பது, நீங்கள் வேறோர் இடத்தில் வாழ்கிறவர், இங்கே தற்காலிகமாக வந்திருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் தரப்படுவது. கடவுச்சீட்டில் அடுத்தடுத்து ஒரே நாட்டின் முத்திரைகள், நடுவில் ஓரிரு நாள் இடைவெளி மட்டும் இருந்தால், இவர் இங்கேதான் குடியிருக்கிறார் என்று அதிகாரி முடிவு செய்ய அது போதும். திருப்பி அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு. மேல்முறையீட்டுக்குப் பல இடங்களில் வாய்ப்பே இல்லை. உங்கள் சாமான், வீட்டு அட்வான்ஸ், வண்டி எல்லாம் உள்ளே. நீங்கள் மட்டும் வெளியே.

எல்லையில் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி: என்ன வேலை செய்கிறீர்கள், செலவுக்குப் பணம் எங்கிருந்து, எங்கே தங்குகிறீர்கள், எப்போது கிளம்புகிறீர்கள். உண்மையான திரும்பும் டிக்கெட், தங்குமிடப் பதிவு, வங்கிக் கணக்கு அறிக்கை மூன்றும் அச்சில் இருக்கட்டும். இரண்டு நாளில் தானே ரத்தாகும் வாடகை டிக்கெட்டைக் காட்டுவது ஏமாற்று. பிடிபட்டால், நாள் தாண்டித் தங்கியதைவிட இது பெரிய குற்றமாகப் பதிவாகும். ஏமாற்றியதாக முடிவானால் பிரிட்டன் பத்து ஆண்டு வரை விண்ணப்பங்களை நிராகரிக்கும். கனடாவில் தவறான தகவல் தந்தால் ஐந்து ஆண்டுத் தடை.

நீட்டிப்பு தரும் நாட்டில் எல்லை ஓட்டத்தைவிட நீட்டிப்பே மேல். கெடுவுக்குக் குறைந்தது பத்து நாள் முன்னதாக அலுவலகம் போங்கள்; விடுமுறை நாட்கள் குறுக்கே வரும். பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகள் சுற்றுலா அனுமதியை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட நீட்டித்துத் தருகின்றன. ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் தங்கியவர் கிளம்பும் முன் தனியாக ஒரு வெளியேறும் அனுமதிச் சான்று வாங்க வேண்டும். அது இல்லாமல் விமான நிலையம் போய் விமானத்தைத் தவறவிடுபவர்கள் உண்டு.

ஒரு விஷயத்தில் உறுதியாக இருங்கள். “பாஸ்போர்ட்டைக் கொடுங்கள், நான் முத்திரை வாங்கித் தருகிறேன்” என்று சொல்லும் தரகரிடம் கடவுச்சீட்டைத் தராதீர்கள். போலி முத்திரை விழுந்தால் அது கணினியில் இருக்காது. வெளியேறும்போது கைதாகப்போவது தரகர் இல்லை.

படி 4: நீங்கள் செய்வது ‘வேலை’யா?

சம்பளம் வேறு நாட்டிலிருந்து வருகிறது, உள்ளூர்க்காரர் யாருடைய வேலையையும் நான் பறிக்கவில்லை, ஆகவே இது வேலை இல்லை என்பது பலரின் வாதம். நியாயமாகத் தெரிந்தாலும் பெரும்பாலான நாடுகளின் சட்டம் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. வேலை எந்த மண்ணில் உட்கார்ந்து செய்யப்படுகிறது என்பதே பார்க்கப்படும். இதில் வெளிப்படையாக விலக்கு தரும் நாடுகள் சில. பிரிட்டன் 2024 ஜனவரி 31 முதல், வருகையின் முதன்மை நோக்கம் வேலை அல்ல என்ற நிபந்தனையில், பார்வையாளர்கள் தங்கள் வெளிநாட்டு வேலையைத் தொலைவிலிருந்து செய்ய அனுமதிக்கிறது. நியூசிலாந்து 2025 ஜனவரி 27 முதல் இதே போன்ற அனுமதி தருகிறது. நீங்கள் தங்கும் நாட்டின் விதியில் இப்படி எழுத்தில் இல்லையென்றால், கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள் என்றுதான் பொருள்; அனுமதித்தார்கள் என்று பொருள் இல்லை.

உள்ளூர் வாடிக்கையாளர் வந்த நொடியில் அந்தச் சகிப்பும் போய்விடும். ஒரு கல்யாணத்துக்குப் புகைப்படம் எடுப்பது, யோகா வகுப்பு நடத்துவது, உணவகத்தைப் பற்றி வீடியோ போட்டுக்கொடுத்து இலவசச் சாப்பாடு வாங்குவது, தங்கும் விடுதியில் அறைக்கு ஈடாக வரவேற்பு மேசையில் உட்காருவது. காசு கை மாறாவிட்டாலும் இவை வேலையாகவே எண்ணப்படும். இந்தோனேசியாவில் தங்கும் அனுமதியை அதன் நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்தினால் ஐந்து ஆண்டு வரை சிறையும் 50 கோடி ரூபியா வரை அபராதமும் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. தாய்லாந்தில் அனுமதியின்றி வேலை செய்பவருக்கு 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், கூடவே நாடுகடத்தல். ஆதாரத்தைத் தேடி அதிகாரிகள் அலைய வேண்டியதில்லை. விளம்பரம் உங்கள் சமூக வலைத்தளப் பக்கத்திலேயே இருக்கும்.

சம்பளத்துக்கு வேலை செய்பவர் என்றால் நிறுவனத்துக்குத் தெரியாமல் போகாதீர்கள். ஓர் ஊழியர் ஒரு நாட்டில் நிலையாக உட்கார்ந்து ஒப்பந்தம் பேசி முடித்தால், நிறுவனத்துக்கே அங்கே நிரந்தரத் தொழிலகம் இருப்பதாக அந்நாட்டு வரித்துறை வாதிடலாம். நிறுவனத்தின் லாபத்தில் ஒரு பங்குக்கு வரி, சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு, உள்ளூர்த் தொழிலாளர் சட்டம் எல்லாம் பின்னாலேயே வரும். விபிஎன் போட்டு இருப்பிடத்தை மறைத்தது தெரிந்தால், வேலை போவதற்கு அந்த ஒரு காரணமே போதும். எத்தனை நாள், எந்த நாட்டில் என்று மின்னஞ்சலில் அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: வரிக்கான நாட்களைத் தனியே எண்ணுங்கள்

இந்தப் படிதான் பலருக்கும் புரியாமல் போவது. பணம் அதிகம் போவதும் இங்கேதான்.

183 நாளுக்குக் கீழே இருந்தால் எங்கும் வரி இல்லை என்று சொல்லிக்கொள்வார்கள். முதலாவது, எண் எல்லா நாட்டிலும் 183 இல்லை. தாய்லாந்தில் ஒரு காலண்டர் ஆண்டில் 180 நாள். அப்படி வரி வசிப்பாளர் (வரிக்காக அந்நாட்டில் வசிப்பவர் என்று கருதப்படுபவர்) ஆனவர் 2024 முதல் ஈட்டும் வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் வரி உண்டு. பிரிட்டனில் 183 நாள் இருந்தால் உறுதியாக வசிப்பாளர். ஆனால் அங்கே வீடு, குடும்பம், வேலை போன்ற தொடர்புகள் இருந்தால் அதைவிட மிகக் குறைந்த நாட்களிலேயே ஆகிவிடலாம்.

இரண்டாவது, எண்ணும் முறை. பிரிட்டனின் வரிக் கணக்கு நள்ளிரவில் நாட்டுக்குள் இருந்தால்தான் பொதுவாக அதை ஒரு நாள் என்று எடுத்துக்கொள்ளும். அதன் வரி ஆண்டு ஏப்ரல் 6இல் தொடங்குகிறது. அமெரிக்கா நாளின் ஒரு பகுதி இருந்தாலும் முழு நாளாக எண்ணும். அதோடு மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும். நடப்பு ஆண்டின் நாட்கள் முழுதாக, முந்தைய ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தையதில் ஆறில் ஒரு பங்கு. மூன்று ஆண்டும் தலா 120 நாள் இருந்தவருக்கு 120 + 40 + 20 = 180; தப்பினார். தலா 122 நாள் இருந்தவருக்கு 183 வந்துவிடும், வசிப்பாளர் ஆகிவிடுவார். ஆண்டுக்கு இரண்டு நாள்தான் வித்தியாசம். விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அவற்றைப் படிவம் போட்டுக் கேட்டுப் பெற வேண்டும்.

மூன்றாவது, குடிவரவு நிலைக்கும் வரி நிலைக்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் வெறும் சுற்றுலாப் பயணி, உங்களுக்கு அங்கே வசிக்க உரிமை கிடையாது. இருந்தும் வரித்துறையின் கண்ணில் நீங்கள் வசிப்பாளர். வசிக்கும் உரிமையே இல்லாமல் வரிக் கடமை மட்டும் வந்து சேரும் நிலை இது.

நான்காவது, எந்த நாட்டிலும் வசிப்பாளராக இல்லாமல் சுற்றிக்கொண்டே இருப்பேன் என்ற திட்டம். நாடு விட்டு நாடு தாவினால் யாரும் வரி கேட்க மாட்டார்கள் என்ற கணக்கு, வசிப்புச் சான்றிதழ் என்ற காகிதத்தில் வந்து இடிக்கும். ஒரே வருமானத்துக்கு இரண்டு நாட்டிலும் வரி கட்டாமல் காக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின் சலுகை வேண்டுமானால், ஏதாவது ஒரு நாட்டின் வரித்துறை “இவர் எங்கள் வசிப்பாளர்” என்று சான்று தர வேண்டும். சுற்றுலாப் பயணிக்கு அதை வாங்குவது கிட்டத்தட்ட முடியாத காரியம். ஸ்பெயின் ஒரு காலண்டர் ஆண்டில் 183 நாளுக்கு மேல் இருந்தவரை வசிப்பாளர் என்கிறது. இடையில் சில வாரம் வெளியே போனாலும் அதையும் சேர்த்து எண்ணும், வேறு நாட்டின் வரி வசிப்பை நிரூபித்தால் தவிர. நிரூபிக்கக் காகிதம் இல்லாதவர் அங்கேயே மாட்டுவார். இன்னொரு பக்கம், நீங்கள் விட்டு வந்த நாடும் உங்களை அவ்வளவு எளிதில் விடாது. வீடு, மனைவி மக்கள், வங்கிக் கணக்கு எல்லாம் அங்கே இருக்க, நீங்கள் மட்டும் சுற்றுலா முத்திரையோடு அலைந்தால், உங்கள் வாழ்க்கையின் மையம் இன்னும் இங்கேதான் என்று அது சொல்லும். இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தங்களும் நிரந்தர வீடு எங்கே, நெருக்கமான உறவுகளும் பொருளாதாரத் தொடர்புகளும் எங்கே, வழக்கமாக எங்கே தங்குகிறார், எந்த நாட்டுக் குடிமகன் என்ற வரிசையில்தான் தீர்மானிக்கின்றன. அமெரிக்கக் குடிமக்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. எங்கே இருந்தாலும் அந்நாடு வரிக் கணக்கு கேட்கும்.

செய்ய வேண்டியது: ஒரு விரிதாளைத் திறந்து, நாடு, நுழைந்த தேதி, வெளியேறிய தேதி, ஆதாரம் என்று நான்கு பத்தி போடுங்கள். அதே தேதிகளை வைத்து விசா நாட்களுக்கு ஒரு எண்ணிக்கை, வரி நாட்களுக்கு ஒரு எண்ணிக்கை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாட்டில் 150 நாளைத் தொடும்போது, இரு நாட்டு வரியும் தெரிந்த ஒருவரிடம் காசு கொடுத்து ஆலோசனை கேளுங்கள். 200ஆவது நாளில் கேட்டால் அவரால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

படி 6: வங்கி, முகவரி, போன் எண்

நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள், வெளிநாட்டு வரி வசிப்பாளர்களின் கணக்கு விவரங்களை ஆண்டுதோறும் ஒன்றுக்கொன்று தானாகவே அனுப்பிக்கொள்கின்றன. 2017இல் தொடங்கிய ஏற்பாடு இது. அமெரிக்கா தனக்கென்று தனிச் சட்டம் வைத்திருக்கிறது. அதனால்தான் கணக்கு தொடங்கும்போது எந்த நாட்டின் வரி வசிப்பாளர், வரி எண் என்ன என்று வங்கி கையெழுத்து வாங்குகிறது. அதில் பொய் எழுதுவது தனிக் குற்றம். ‘எங்கும் இல்லை’ என்று எழுதினால் பல வங்கிகள் கணக்கே தராது.

அன்றாடத் தொல்லைகள் இதைவிடச் சிறியவை. ஆனால் அடிக்கடி வருபவை. ஓடிபி வரும் எண் பல மாதம் பயன்படுத்தாமல் கிடந்து முடங்கிப்போகும். கார்டு காலாவதியாகி, புதியது பழைய முகவரிக்குப் போய்ச் சேரும். வெளிநாட்டு ஐபி முகவரியிலிருந்து திரும்பத் திரும்ப உள்ளே நுழைவதைப் பார்த்து வங்கி கணக்கை நிறுத்திவைக்கும். நேரில் வரச் சொல்லும். கிளம்பும் முன் எண்ணை ரோமிங்கில் உயிரோடு வைக்க ஏற்பாடு செய்யுங்கள். வெவ்வேறு வங்கிகளின் இரண்டு கார்டுகளை வெவ்வேறு பைகளில் வையுங்கள். நம்பகமான ஒருவருக்கு, குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும் சிறப்பு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுங்கள்.

உள்ளூரில் கணக்கு தொடங்க முடியாமல் நண்பரின் கணக்கில் பணம் வாங்குவது வேண்டாம். அந்தக் கணக்கு மோசடி விசாரணையில் முடங்கினால் உங்கள் பணம் உங்களுடையது என்று நிரூபிக்க வழியே இருக்காது.

படி 7: காப்பீட்டு ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரை படியுங்கள்

பயணக் காப்பீடு என்பது வீட்டிலிருந்து கிளம்பி வீட்டுக்குத் திரும்புபவருக்காக எழுதப்பட்டது. நீங்கள் திரும்பாதவர். அங்கேதான் முதல் விரிசல். ஆண்டுப் பாலிசி என்று வாங்கியிருப்பார்கள்; உள்ளே ஒரு பயணத்துக்கு 30, 45 அல்லது 90 நாள் என்று உச்சவரம்பு இருக்கும். 91ஆவது நாள் விபத்துக்கு அந்தப் பாலிசி வெறும் காகிதம். படிக்கும்போது கீழ்க்கண்டவற்றைத் தேடிப் பாருங்கள்:

- ஒரு பயணத்தின் அதிகபட்ச நாட்கள், அதை வெளிநாட்டில் இருந்தபடியே நீட்டிக்க முடியுமா
- பாலிசி எடுக்கும்போது சொந்த நாட்டில் இருக்க வேண்டுமா, எத்தனை மாதம் அங்கே வசித்திருக்க வேண்டும்
- ஏற்கெனவே இருக்கும் நோய்களில் எவற்றுக்குப் பணம் தரும், எவற்றுக்குத் தராது
- சட்டவிரோதமாகத் தங்கும்போது நடந்ததற்கு விலக்கு உண்டா
- இருசக்கர வண்டி: எஞ்சின் அளவு, உரிமம், தலைக்கவசம் பற்றிய நிபந்தனை
- மருத்துவமனைக்கு நேரடியாக உத்தரவாதம் தருகிறதா, நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு கேட்க வேண்டுமா

கடைசிக் கேள்வியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். முன்பணம் கட்டாமல் அறுவை சிகிச்சை தொடங்காத மருத்துவமனைகள் உண்டு. ஷெங்கன் விசாவுக்குக் கேட்கப்படும் குறைந்தபட்சக் காப்பு 30,000 யூரோ. அது விசா கிடைக்கப் போதும், தீவிர சிகிச்சைப் பிரிவில் சில வாரங்களுக்குப் போதும் என்று சொல்ல முடியாது. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருப்பது உறுதி என்றால், பயணக் காப்பீட்டை விட்டுவிட்டு வெளிநாட்டில் வாழ்வோருக்கான சர்வதேச மருத்துவக் காப்பீட்டுக்கு மாறுங்கள். விலை பல மடங்கு இருக்கும். அந்த விலையைக் கொடுக்க முடியாது என்றால், அந்த நாட்டில் அவ்வளவு நாள் தங்க இன்னும் பணம் சேரவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வண்டி விஷயத்தைத் தனியே சொல்ல வேண்டும், நீண்ட காலப் பயணிகளின் பெரிய மருத்துவச் செலவுகளில் பல வாடகை ஸ்கூட்டரில் தொடங்குகின்றன. சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஒன்றல்ல. 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி ஒன்று, 1968 வியன்னா உடன்படிக்கையின்படி இன்னொன்று. ஜப்பான் 1949 வகையை மட்டும் ஏற்கும். வியட்நாம் 1968 வகையை மட்டும். தவறான வகையைக் கையில் வைத்திருப்பவர் உரிமம் இல்லாதவரே. சரியான வகை இருந்தாலும் இருசக்கர வண்டிக்கான பிரிவில் முத்திரை விழுந்திருக்க வேண்டும். கார் ஓட்டும் உரிமம் போதாது. உரிமம் இல்லையென்றால் காப்பீடு கை கழுவும். எதிராளிக்குத் தர வேண்டிய இழப்பீடும் உங்கள் தலையில் விழும். வண்டிக் கடையில் கடவுச்சீட்டை அடமானமாக விட்டுவராதீர்கள். வண்டியில் ஒரு கீறல் விழுந்தால்கூடக் கடைக்காரர் கேட்பதைக் கொடுத்துத்தான் மீட்க வேண்டியிருக்கும்.

படி 8: வீடும் கடவுச்சீட்டும்

வெளிநாட்டவர் தங்குவதை வீட்டு உரிமையாளர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி பல நாடுகளில் உண்டு. தாய்லாந்தில் 24 மணி நேரத்துக்குள். அது செய்யப்படாவிட்டால் நீட்டிப்புக்குப் போகும்போது உங்கள் விண்ணப்பம் நிற்கும். வாடகை பேசும்போதே இதைச் செய்வாரா என்று கேளுங்கள், தயங்கினால் வேறு வீடு பாருங்கள். உங்கள் அனுமதி 60 நாள் என்றால் ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அட்வான்ஸைப் பணயம் வைக்காதீர்கள். பணம் கொடுப்பதை வங்கி வழியாகவே கொடுங்கள். வீட்டின் நிலையை முதல் நாளே வீடியோ எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.

கடவுச்சீட்டில் ஆறு மாதச் செல்லுபடியும் வெற்றுப் பக்கங்களும் எப்போதும் இருக்க வேண்டும். அடிக்கடி எல்லை தாண்டுபவர்களுக்குப் பக்கம் தீருவது தேதி தீருவதற்கு முன்பே வரும். வெளிநாட்டுத் தூதரகத்தில் புதுப்பிக்கும்போது சில நாடுகள் அங்கே வசிக்கும் அனுமதியைக் காட்டச் சொல்லும். சுற்றுலாப் பயணியிடம் அது இருக்காது. எட்டு மாதம் மிச்சம் இருக்கும்போதே திட்டமிடுங்கள்.

படி 9: நேர்வழி அனுமதி இருக்கிறதா பாருங்கள்

தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்கான விசா இப்போது பல நாடுகளில் உண்டு. தாய்லாந்தின் டிடிவி என்ற விசா ஐந்து ஆண்டுக்கானது; ஒவ்வொரு நுழைவிலும் 180 நாள், கையில் 5 லட்சம் பாட் இருப்பதைக் காட்ட வேண்டும். ஜப்பானின் விசா ஆறு மாதம் மட்டுமே, ஆண்டு வருமானம் ஒரு கோடி யென் இருக்க வேண்டும், நீட்டிப்பு கிடையாது. ஸ்பெயினில் சட்டப்படி உள்ளே இருக்கும் சுற்றுலாப் பயணி அங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். பெரும்பாலான நாடுகளில் வெளியே போய்த்தான் கேட்க வேண்டும். இந்த விசா கிடைத்தால் வரி தானாக நீங்கிவிடாது. குரோஷியா இந்த விசாவில் இருப்பவரின் வெளிநாட்டு வேலை வருமானத்துக்கு வரி விலக்கு தருகிறது. எல்லா நாடுகளும் அப்படித் தருவதில்லை. விசா விதியையும் வரி விதியையும் இரண்டு தனிக் கேள்விகளாகவே கேளுங்கள்.

சுற்றுலாவாகக் கழித்த ஆண்டுகள் நிரந்தர வசிப்புரிமைக்கோ குடியுரிமைக்கோ பொதுவாகக் கணக்கில் வராது. ஓய்வூதியப் பங்களிப்பும் அந்த ஆண்டுகளில் எங்கும் சேராது. ஒரே நாட்டில் நிலைக்க நினைப்பவருக்கு இதுதான் மிகப் பெரிய இழப்பு. ரசீது வராத இழப்பு என்பதால் யாரும் கணக்கிடுவதில்லை.

படி 10: நாள் தாண்டிவிட்டால்

தண்டனை நாட்டுக்கு நாடு மாறும். தாய்லாந்தில் நாளுக்கு 500 பாட், உச்சம் 20,000. தானாக வெளியேறினாலும் 90 நாளுக்கு மேல் தாண்டியிருந்தால் ஓராண்டுத் தடை, பிடிபட்டால் ஒரு நாள் தாண்டியிருந்தாலும் ஐந்து ஆண்டு. இந்தோனேசியாவில் நாளுக்கு 10 லட்சம் ரூபியா, 60 நாளைத் தாண்டினால் நாடுகடத்தலும் தடையும். அமெரிக்காவில் 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாக இருந்து வெளியேறினால் மூன்று ஆண்டுத் தடை, ஓராண்டு ஆனால் பத்து. சிங்கப்பூரில் 90 நாளுக்கு மேல் தாண்டினால் சிறையோடு பிரம்படியும் உண்டு. ஜப்பானில் தானாக முன்வந்து சொல்லி வெளியேறுபவருக்கு ஓராண்டுத் தடை, நாடுகடத்தப்பட்டவருக்கு ஐந்து. எங்கே பார்த்தாலும், பிடிபடுவதும் தானாகப் போய்ச் சொல்வதும் ஒன்றல்ல.

கெடு இன்னும் முடியவில்லை, ஆனால் நோயாலோ விமான ரத்தாலோ கிளம்ப முடியாது என்றால், அன்றே குடிவரவு அலுவலகத்துக்கு மருத்துவர் கடிதத்தோடு அல்லது விமான நிறுவனத்தின் கடிதத்தோடு போங்கள். போக முடியாத நிலை என்றால் மின்னஞ்சலாவது அனுப்பி, பதிலைச் சேமித்துவையுங்கள். கெடு முடிந்துவிட்டது என்றால், எல்லா நாளையும் கூட்டி அபராதத்தைக் கணக்கிட்டு, அதற்கான பணத்தை உள்ளூர் நோட்டாகவே வைத்துக்கொண்டு, விமானத்துக்கு நாலைந்து மணி நேரம் முன்னதாக விமான நிலையம் போங்கள். நீண்ட காலம் தாண்டியிருந்தால் நேராக விமான நிலையம் போகாமல் முதலில் ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். ரசீது இல்லாமல் பணம் தராதீர்கள்.

தடுத்து வைக்கப்பட்டால், உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்கும் உரிமை உண்டு. 1963 வியன்னா தூதரக உறவு உடன்படிக்கை தருவது அது. தூதரகம் அபராதத்தைத் தள்ளுபடி செய்யவோ விடுவிக்கவோ முடியாது. வழக்கறிஞர் பட்டியல் தரும், வீட்டுக்குச் செய்தி சொல்லும். புரியாத மொழியில் நீட்டப்படும் காகிதத்தில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கையெழுத்திடாதீர்கள்.

வெளியேறிய பின் அபராத ரசீது, முடிவாணை, மருத்துவக் கடிதம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். அடுத்து எந்த நாட்டு விசாப் படிவத்தில் “எப்போதாவது நாள் தாண்டித் தங்கியிருக்கிறீர்களா, நாடுகடத்தப்பட்டிருக்கிறீர்களா, அனுமதி மறுக்கப்பட்டிருக்கிறீர்களா” என்று கேட்டாலும் ‘ஆம்’ என்று எழுதி, இந்தக் கோப்பின் நகலை இணைத்து அனுப்புங்கள்.